வல்லூறு பார்க்க எங்கே போவது: அபுதாபியா, சிங்கப்பூரா, பழவேற்காடா?

ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ குடியிருக்கும் ஒரு குடும்பத்துக்கு, பழக்கிய வேட்டைப் பறவைகளைப் பறக்கவிடும் காட்சியை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை வந்தால் எங்கே போவது? பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி எழுகிறது. தோல் கையுறை போட்ட கையிலிருந்து வல்லூறு எழும்புவதையும், கூட்டத்தின் தலைக்கு மேல் உரசுவதுபோல் பாய்ந்து போவதையும் கைபேசியில் பார்த்துவிட்டு, நாமும் போகலாமா என்கிறார்கள். என் அக்கா வீட்டிலும் இதே பேச்சு நடக்கிறது. அவர்களுக்குச் சொன்னதையே சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வழியை அடைத்துவிடலாம். 1972ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுப் பருந்து, வல்லூறு, கழுகு, ஆந்தை எதையும் தனியார் பிடிக்கவோ வளர்க்கவோ விற்கவோ கூடாது. முகலாய அரசவையில் வல்லூறு வேட்டை பெரிய கலையாக இருந்தது; குஜராத்தின் பாவ்நகர் சமஸ்தானத்தில் இருபதாம் நூற்றாண்டு வரை அது உயிரோடு இருந்தது. இன்று அதற்குச் சட்டத்தில் இடமில்லை. வல்லூறு வளர்ப்பை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாக யுனெஸ்கோ 2010இல் பட்டியலில் சேர்த்தது. ஐக்கிய அரபு அமீரகம் அதில் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது, பாகிஸ்தான் 2016இல் சேர்ந்தது, இந்தியா இல்லை. ஆகவே நம் ஊர்ச் சுற்றுலாத் தலம் ஒன்றில் யாராவது பருந்தைக் காலில் கயிறு கட்டி வைத்துக்கொண்டு, கையில் ஏற்றிப் படம் எடுத்துக்கொள்ளப் பணம் கேட்டால், அங்கிருந்து பிள்ளைகளை நகர்த்திவிடுங்கள். அந்தப் பறவை கூட்டிலிருந்து திருடப்பட்டதாகவோ வலையில் பிடிபட்டதாகவோதான் இருக்கும்.

மிஞ்சுவது இரண்டு விதமான வழிகள். வெளிநாடு போய்ப் பழக்கிய பறவையை அருகில் பார்க்கலாம். உள்ளூரிலேயே இருந்து, காட்டுப் பறவை தன் பிழைப்பைப் பார்ப்பதைச் சற்றுத் தொலைவிலிருந்து பார்க்கலாம். ஒன்றுக்கு ஒன்று மாற்று என்று நான் சொல்லவில்லை. பறவையின் கண்ணையும் நகத்தையும் ஒரு முழ தூரத்தில் பார்ப்பது ஓர் அனுபவம். அது இரைக்காகப் பாய்வதைப் பார்ப்பது வேறோர் அனுபவம். உங்கள் பிள்ளை எதைக் கேட்கிறது என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாவதாக, உங்களுக்கு எந்த மாதத்தில் விடுமுறை என்பதைப் பாருங்கள். இந்த விஷயத்தில் பணத்தைவிட மாதம்தான் அதிகம் தீர்மானிக்கிறது என்பது என் எண்ணம். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

காட்சி எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால், கொடுக்கும் காசுக்கு இரண்டு மடங்கு பார்க்கலாம். பழக்கிய வல்லூறு பாசத்தால் திரும்பி வருவதில்லை. அங்கே இரை நிச்சயம் என்று அதற்குத் தெரியும், அதனால் வருகிறது. ஒவ்வொரு பறவைக்கும் ஒரு பறக்கும் எடை உண்டு. காலையில் தராசில் நிறுத்தி, கிராம் கணக்கில் குறித்து வைப்பார்கள். எடை கூடியிருந்தால் பசி இருக்காது. பறவை ஏதாவது மரத்தில் போய் உட்கார்ந்துகொண்டு கூப்பிட்டாலும் வராது. குறைந்திருந்தால் அன்று அதைப் பறக்கவிடக் கூடாது. காலில் தோல் வார், சிறு மணி, இப்போதெல்லாம் இருக்குமிடம் காட்டும் கருவி. தலையில் மாட்டும் தோல் குல்லாய் கொடுமைக்கு அல்ல. வேட்டைப் பறவை முழுக்க முழுக்கக் கண்ணால் வாழும் உயிர். கண்ணை மறைத்தால் அதைக் கலவரப்படுத்தும் காட்சிகளும் மறைந்து, அமைதியாக உட்கார்ந்துவிடும். காட்சியின்போது கயிற்றின் நுனியில் இறகுக் கட்டும் இறைச்சித் துண்டும் கட்டி, தலைக்கு மேல் சுழற்றுவார்கள். வல்லூறு அதைப் பறக்கும் புறாவாக எண்ணிப் பாயும். கடைசி நொடியில் கயிற்றை இழுத்துவிடுவார்கள். சில பாய்ச்சலுக்குப் பிறகு பிடிக்கவிட்டு, அங்கேயே தின்னவும் விடுவார்கள். ஒவ்வொரு முறையும் ஏமாற்றினால் அடுத்த நாள் அது பாயாது.

உலகின் பல காட்சிகளில் நீங்கள் பார்க்கப்போகும் பறவை ஹாரிஸ் பருந்து. அமெரிக்கக் கண்டத்துப் பறவை. வேட்டைப் பறவைகளில் பெரும்பாலானவை தனியாகத் திரியும், இதுவோ குடும்பமாகச் சேர்ந்து வேட்டையாடும். கூடி வாழ்ந்து பழகியதால் மனிதர்களோடும் எளிதில் ஒத்துப்போகிறது. பொரி வல்லூறு அப்படியல்ல. உயரத்திலிருந்து இறக்கைகளை மடக்கிக்கொண்டு விழும்போது மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தைத் தொடுகிற பறவை அது. மைதானக் காட்சியில் அந்த முழு வேகத்தைப் பார்ப்பது அரிது, ஏனென்றால் அதற்கு அவ்வளவு உயரம் வேண்டும். இறகுக் கட்டைத் துரத்தும் வேகம் அதைவிடக் குறைவு. அதுவே காதருகில் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதுபோல் இருக்கும் என்பது வேறு விஷயம்.

இனி ஊர் ஊராகப் பார்ப்போம். அமீரகம் என்றவுடன் எல்லோரும் துபாய்ப் பாலைவனச் சுற்றுலாவைத்தான் சொல்வார்கள். ஜீப்பில் மணல் மேட்டில் ஏற்றி இறக்கி, ஒட்டகம் காட்டி, இரவு உணவோடு ஒரு வல்லூறையும் கையில் ஏற்றிப் படம் எடுத்து அனுப்பும் தொகுப்புகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். நூறு பேர் வரிசையில் நின்று தொடும் பறவையிடமிருந்து பிள்ளைகள் எதையும் கற்றுக்கொள்ளப் போவதில்லை. பறவைக்காகவே நடத்தும் விடியற்காலைக் காட்சிகளும் துபாயின் பாலைவனக் காப்பகத்தில் உண்டு. அவற்றில் கூட்டம் குறைவு, விளக்கம் அதிகம், விலையும் அதிகம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எனக்கு மிகவும் பிடித்த தேர்வு அபுதாபி வல்லூறு மருத்துவமனை. 1999இல் தொடங்கிய அது, வல்லூறுகளுக்கென்றே இயங்கும் மருத்துவமனை. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான பறவைகள் வருகின்றன. முன்பதிவு செய்துகொண்டு வரும் பார்வையாளர்களை உள்ளே அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டுகிறார்கள். காத்திருப்பு அறையில் நம் ஊர் ஆஸ்பத்திரி பெஞ்சில் ஆட்கள் உட்கார்ந்திருப்பதுபோல, குல்லாய் மாட்டிய வல்லூறுகள் வரிசையாகத் தாழ்வான தண்டில் அமர்ந்திருக்கும். ஒவ்வொன்றையும் எடுத்துவந்து, முகமூடி வழியாக மயக்க வாயு கொடுத்து, நகத்தையும் அலகையும் சீராக்குவார்கள். காட்டில் பாறையிலும் எலும்பிலும் உரசித் தேய வேண்டிய நகமும் அலகும் வளர்ப்பில் தேயாமல் நீண்டுவிடுகின்றன.

அங்கே நடக்கும் இறகு வைத்தியம் அதைவிட ஆச்சரியமானது. முழுதாக வளர்ந்த இறகு நம் நகத்தைப்போல உயிரற்ற பொருள். நடுவில் முறிந்தால் அடுத்த இறகுதிர் காலம் வரை அந்த இடம் அப்படியேதான் இருக்கும். வேகத்தை நம்பி வாழும் பறவைக்கு இறக்கையில் இரண்டு இறகு முறிந்தாலும் பெரிய இழப்பு. ஆகவே முன்பு உதிர்ந்த இறகுகளைச் சேமித்து வைத்திருப்பார்கள். அதே இனம், அதே இடம், அதே நீளம் பார்த்துத் தேர்ந்தெடுத்து, முறிந்த காம்புக்குள் மெல்லிய குச்சியைச் செருகிப் பசை வைத்து ஒட்டிவிடுவார்கள். பறவை மயக்கம் தெளிந்து எழும்போது இறக்கை முழுதாக இருக்கும். மருத்துவமோ கால்நடை மருத்துவமோ படிக்க ஆசைப்படும் பிள்ளை வீட்டில் இருந்தால், வேறு எந்த இடமும் இதற்கு ஈடாகாது. இங்கேயும் பறவையைக் கையில் ஏந்த வாய்ப்புக் கிடைக்கும். ஆனால் அப்போது அதைப்பற்றி உங்களுக்கு நிறையத் தெரிந்திருக்கும்.

அமீரகத்தில் வல்லூறுகளுக்குப் பாஸ்போர்ட் உண்டு என்பது வேடிக்கைச் செய்தியாகவே நம் பத்திரிகைகளில் வந்திருக்கிறது. அதன் காரணம் வேடிக்கையானதல்ல. காட்டில் பிடித்த பறவைகளின் கள்ளக் கடத்தலைத் தடுக்க, ஒவ்வொரு பறவைக்கும் கால் வளையத்தோடு பொருந்தும் பதிவு வேண்டியிருந்தது. அரபு வேட்டைக்காரர்கள் பெரிதும் விரும்பும் சேக்கர் வல்லூறு இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனம். அமீரகத்தை நிறுவிய ஷேக் ஸாயித் பெயரிலான திட்டத்தில், வேட்டைப் பருவம் முடிந்த பறவைகளை 1995 முதல் ஆண்டுதோறும் காட்டுக்குத் திருப்பி அனுப்பி வருகிறார்கள். பிடித்து வைத்திருந்ததற்கு இது முழுப் பரிகாரம் ஆகிவிடுமா என்று பிள்ளைகளோடு பேசிப் பாருங்கள். நல்ல விவாதம் கிடைக்கும்.

பயண வசதியில் குறையில்லை. விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் விமான நிலையத்திலேயே இறங்கலாம். அங்கிருந்து சுமார் நாலு மணி நேரப் பறப்பு. துபாயில் உறவினர் வீட்டில் தங்குபவர்களுக்கு அபுதாபி போக நகரப் பேருந்தே இருக்கிறது. விசா வேண்டும். மருத்துவமனைச் சுற்று வாரநாள்களில்தான் என்பதால் வெள்ளி இரவு போய் ஞாயிறு திரும்பும் திட்டம் ஒத்துவராது.

சிங்கப்பூர் வேறு வகை. 1971 முதல் இயங்கிய ஜூரோங் பறவைப் பூங்கா 2023 ஜனவரியில் மூடப்பட்டு, அதே ஆண்டு மே மாதம் மண்டாயில் பேர்ட் பாரடைஸ் என்ற பெயரில் புதிதாகத் திறந்தது. அங்கே வேட்டைப் பறவைகளுக்கென்றே தனிக் காட்சி நடக்கிறது. கழுகும் பருந்தும் உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலாகவே பறந்து போகும். காட்சிக்குத் தனி டிக்கெட் இல்லை. மீதி நாள் முழுவதும் பெங்குவினும் கிளியும் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆறு வயதுக் குழந்தையும் எழுபது வயதுப் பாட்டியும் சேர்ந்து போகும் குடும்பத்துக்கு இதுதான் சரி. நிழல் இருக்கிறது, உட்கார இடம் இருக்கிறது, மாலையில் லிட்டில் இந்தியாவில் இட்லி கிடைக்கும். ஆனால் பறவையைப்பற்றி ஆழமாகத் தெரிந்துகொள்ளலாம் என்று எதிர்பார்க்காதீர்கள். அது நன்றாக அமைத்த அரங்கக் காட்சி. இசையும் வர்ணனையும் சேர்ந்து பிள்ளைகளைக் கட்டிப்போடும், கேள்வி கேட்க அவகாசம் குறைவு.

இங்கிலாந்தை ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் வல்லூறு பார்ப்பதற்காக மட்டும் அவ்வளவு தூரம் போவது நியாயமில்லை. படிப்புக்கோ வேலைக்கோ பிள்ளைகள் அங்கே இருந்து, நீங்கள் பார்க்கப் போவதாக இருந்தால், குளோஸ்டர்ஷயரில் நியூவெண்ட் என்ற சிற்றூரில் 1967இல் தொடங்கிய வேட்டைப் பறவை மையம் இருக்கிறது. இன்று உலகெங்கும் நடக்கும் காட்சிகளுக்கு முன்னோடி என்று சொல்லத்தக்க இடம். வகைவகையான வேட்டைப் பறவைகள், அவற்றை அங்கேயே குஞ்சு பொரிக்கவைத்து வளர்க்கும் அனுபவம், மைதானத்தில் நடக்கும் பறத்தல் என்று எல்லாம் உண்டு. மழை பெய்தால் காட்சி கெடும், அவ்வளவுதான்.

வண்டலூரைச் சேர்க்காமல் விட முடியாது. 1855இல் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கி, பிறகு சென்ட்ரல் அருகே பூங்கா நகரில் நெடுங்காலம் இருந்த உயிர்க்காட்சிச் சாலைதான் 1985இல் வண்டலூருக்கு இடம் மாறித் திறக்கப்பட்டது. வடசென்னைப் பெரியவர்கள் மூர் மார்க்கெட்டுக்குப் போகும்போது அப்படியே நடந்துபோய்ப் பார்த்த இடம் அது. இப்போது கடற்கரை நிலையத்திலிருந்து மின்சார ரயிலில் நகரின் மறுகோடிக்குப் போக வேண்டும், செவ்வாய்க்கிழமை விடுமுறை. கூண்டிலிருக்கும் பறவையைப் பார்க்கலாம். வேட்டைப் பறவையின் பெருமை முழுவதும் அதன் பறத்தலில் இருக்கிறது. பறவைக் காட்சிக்காக மட்டும் வண்டலூர் போவதை நான் ஏற்கவில்லை. புலிக்கும் யானைக்கும் போங்கள்.

வேட்டைப் பறவைக் காட்சி என்பது அரபு நாட்டுக்கோ ஐரோப்பாவுக்கோ மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். திருக்கழுக்குன்றத்தில் மலைமேல் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து குருக்கள் வைக்கும் சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டுப் போனதை நம் வீட்டுப் பெரியவர்கள் பலர் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். அவை மஞ்சள்முகப் பாறு என்ற பிணந்தின்னிக் கழுகு இனம். காசியில் நீராடி, இங்கே உண்டு, ராமேசுவரம் போய் அடைகின்றன என்பது தலபுராணம். ஒரே நேரம், ஒரே பாறை, ஒரே கை, தவறாத உணவு. வல்லூறு மையங்கள் கடைப்பிடிக்கும் முறையும் இதேதான். இங்கே வாரும் இல்லை, மணியும் இல்லை, தராசும் இல்லை. பறவை முழுச் சுதந்திரத்தோடு வந்து போயிற்று. 1990களின் இறுதியோடு அந்த வருகை நின்றுவிட்டது. கால்நடைகளுக்குக் கொடுத்த டைக்ளோபினாக் என்ற வலி மருந்து, அந்தக் கால்நடைகளின் சடலம் வழியாக நாடு முழுவதும் பாறு இனங்களைக் கொன்று தீர்த்த காலம் அது. அந்த மருந்தைக் கால்நடைகளுக்குக் கொடுப்பது 2006இல்தான் தடை செய்யப்பட்டது. திருக்கழுக்குன்றத்துப் பறவைகளுக்கு என்ன ஆயிற்று என்று என் அம்மா இன்றும் கேட்பார். அவருக்கு ஒரு வல்லூறு மையத்தைக் காட்டுவதென்றால் இந்தக் கதையிலிருந்துதான் தொடங்குவேன்.

இப்போது நம் வாசலுக்கு வருகிறேன். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தின் மேல் வட்டமிடும் பறவைகளை வடசென்னையில் பிறந்தவர்கள் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. எனக்கு அது பெரிய வருத்தம். இங்கே இரண்டு இனங்கள் கலந்து பறக்கின்றன. வால் நடுவில் பிளந்து, உடம்பு முழுக்கக் கரும்பழுப்பாக இருப்பது கரும்பருந்து. வால் வட்டமாக, உடல் செங்கல் நிறத்தில், தலையும் மார்பும் வெண்மையாக இருப்பது செம்பருந்து. கோயில் கும்பாபிஷேகத்தன்று கோபுரத்துக்கு மேலே வட்டமிட்டால் கூட்டமே கன்னத்தில் போட்டுக்கொள்ளுமே, அந்தக் கருடன்தான் இது. விசைப்படகுகள் கரை சேர்ந்து, மீனைக் கூடையில் தள்ளி, கழிவைத் தண்ணீரில் கொட்டும்போது பாருங்கள். பருந்து வாலை ஒரு பக்கம் திருகி, காற்றிலேயே தடைபோட்டு, கால்களை மட்டும் நீட்டித் தண்ணீரின் மேற்பரப்பிலிருந்து துண்டைக் கவ்விக்கொண்டு மேலேறும். இறங்கி உட்காராமல், பறந்துகொண்டே காலை வாயருகே கொண்டுபோய்த் தின்னும். இன்னொன்று அதைத் துரத்தும். காக்கை இரண்டையும் துரத்தும். அரங்கக் காட்சியில் இருபது நிமிடம் பார்ப்பதை இங்கே இரண்டு மணி நேரம் பார்க்கலாம்.

ஏலம் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். பருந்துகளுக்கு அந்த அவசரம் இல்லை. வெளிச்சம் நன்றாக வந்த பிறகு போனால் போதும். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், மீன் வாங்க வரும் கூட்டத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்க முடியாது. தரை வழுக்கும், தள்ளுவண்டிகள் வேகமாக வரும், வேலை செய்பவர்களின் வழியை மறிக்காமல், "அண்ணே, பறவை பார்க்க வந்தோம், இங்கே நிற்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஓரமாக நில்லுங்கள். கூட்டமே ஆகாது என்பவர்கள் எண்ணூர் நெடுஞ்சாலையில் கடலரிப்புக்குப் போட்ட பாறைக் கரையோரம் நின்றும் பார்க்கலாம். அங்கே பருந்துகள் கடற்காற்றில் இறக்கை அசைக்காமல் மிதக்கும்.

காசிமேட்டில் கிடைக்காதது பாய்ச்சல் வேட்டை. பருந்து பெரும்பாலும் பொறுக்கித் தின்னும் பறவை. உண்மையான வேட்டையைப் பார்க்கப் பழவேற்காடு போக வேண்டும். நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி; நமக்கு அறுபது கிலோமீட்டருக்குள். கும்மிடிப்பூண்டி ரயிலில் பொன்னேரி இறங்கி அங்கிருந்து பஸ். டிசம்பர், ஜனவரியில் பூநாரை பார்க்க எல்லோரும் போகிறார்கள். பூநாரைக்கு மேலே வானத்தைப் பார்ப்பவர் குறைவு. சேற்றுப் பூனைப்பருந்து, இறக்கைகளைச் சற்றே மேல்நோக்கி வைத்துக்கொண்டு, கோரைப் புல்லுக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில் மிதந்து வரும். அது வரும் திசையில் வாத்துக் கூட்டம் அலை அலையாக எழும்பும். விராலடிப்பான் ஓரிடத்தில் இறக்கை அடித்து நின்று, காலை முன்னே நீட்டித் தண்ணீருக்குள் விழுந்து மீனோடு எழும். அதன் வெளிவிரலைப் பின்னோக்கித் திருப்ப முடியும். உள்ளங்காலில் முட்கள் உண்டு. வழுக்கும் மீனுக்காகவே அமைந்த கால். வெண்வயிற்றுக் கடற்கழுகையும் இங்கே பார்க்கலாம். எல்லாவற்றையும்விட, வட துருவத்தை ஒட்டிய நிலங்களிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க வரும் பொரி வல்லூறு. அபுதாபியில் காசு கொடுத்துப் பார்க்கும் அதே இனம், இங்கே உள்ளான் என்ற சிறு கரைப்பறவைகளின் கூட்டத்தின் மேல் பாயும். பார்த்தே தீருவோம் என்று உறுதி சொல்ல முடியாது. நாள் முழுக்கக் காத்திருந்து வெறும் பூநாரையோடு திரும்ப நேரலாம். பார்த்துவிட்டால், அதற்குப் பிறகு எந்த அரங்கக் காட்சியும் உங்களுக்குச் சிறியதாகவே தெரியும்.

8×42 அளவுள்ள, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும், 42 மில்லிமீட்டர் வில்லை உள்ள இருகண் நோக்கி ஒன்று கட்டாயம். படகில் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். வேட்டைப் பறவையைப் பார்க்கக் கரையே நல்ல இடம். படகு சத்தத்தில் வாத்து எழும்பிவிட்டால் வேட்டையும் கலைந்துவிடும். இன்னும் பரந்த வெளி வேண்டுமென்றால் ஆந்திரப் பக்கம் சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரியைக் கடந்து போகும் சாலை இருக்கிறது.

இனி மாதக் கணக்கு. நம் பிள்ளைகளுக்குப் பெரிய விடுமுறை மே மாதத்தில். அந்த மாதத்தில் அமீரகத்தில் வெயில் கொளுத்தும். திறந்தவெளிக் காட்சிகளின் பருவம் முடிந்திருக்கும். வல்லூறுகள் இறகு உதிர்த்துக்கொண்டிருக்கும். பழவேற்காட்டில் குளிர்கால விருந்தாளிகள் வடக்கே போய்விட்டிருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை என்பதால் காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், பருந்துக்குத் தீனி குறைவு. மே மாதத்தில் குறையில்லாமல் இருப்பது சிங்கப்பூர். அதற்கு அடுத்தபடி, குளிரூட்டிய கூடங்களில் இயங்கும் அபுதாபி மருத்துவமனை. அரையாண்டு விடுமுறையும் பொங்கல் விடுமுறையும் வரும்போது நிலைமை தலைகீழ். பழவேற்காடு உச்சத்தில் இருக்கும், அமீரகத்தின் காலைகள் இதமாக இருக்கும்.

ஆகவே என் தீர்ப்பு இதுதான். எந்தக் குடும்பமாக இருந்தாலும் முதலில் ஒரு டிசம்பரில் காசிமேடும் பழவேற்காடும். ரயில் டிக்கெட்டும் சாப்பாட்டுச் செலவும்தான் ஆகும். பறவை எதற்காகப் பாய்கிறது என்று பிள்ளைக்குப் புரிந்த பிறகு, அருகில் பார்க்க வேண்டும் என்ற ஆசை குறையாமல் இருந்தால், பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை என்றால் அபுதாபி மருத்துவமனை, சிறு குழந்தையும் முதியவர்களும் சேர்ந்த கூட்டம் என்றால் சிங்கப்பூர். கையில் ஒரே ஒரு பயணத்துக்கான பணம்தான் இருக்கிறது, விடுமுறையும் மே மாதம்தான் என்றால், அவசரப்படாமல் டிசம்பர் வரை காத்திருக்கச் சொல்வேன். அக்காவுக்கும் அதையே சொல்லியிருக்கிறேன். மகள் எட்டாம் வகுப்பு, கால்நடை மருத்துவம் படிக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு அபுதாபிதான். மச்சானுக்கு இந்தச் செலவில் பாதி மனம்தான்.

வெளிநாட்டு மையம் எதுவாக இருந்தாலும், பணம் கட்டும் முன் நான்கு விஷயம் கேளுங்கள். பறவைகள் கூண்டில் பிறந்தவையா, காட்டில் பிடித்தவையா? கட்டி வைத்திருக்கும் இடத்தில் நிழலும் குளிக்கத் தண்ணீரும் உண்டா? ஒரு பறவை ஒரு நாளில் எத்தனை முறை பறக்கிறது? எடை சரியில்லாத பறவையை அன்று ஓய்வில் விடுவார்களா? நேராகப் பதில் சொல்லும் இடத்துக்குப் போங்கள். அபுதாபி என்று முடிவு செய்தால், மருத்துவமனைச் சுற்றுக்கு இடம் கிடைத்து, தேதி உறுதியான பிறகு விமான டிக்கெட் எடுங்கள். வரிசையை மாற்றினால், போன நாளில் சுற்று இல்லாமல் போகலாம்.